கற்ற கலையா? பெற்ற துணிவா?

வணக்கத்திற்குரிய நடுவர் அவர்களே, இரண்டு அணியிலும் வீற்றிருக்கிற நண்பர்களே, வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் காபியோடு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, காபி இன்னும் வராமல் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே! (சிரிப்பு)

"பெண்ணுக்குப் பாதுகாப்பு கற்ற கலையா? பெற்ற துணிவா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "துணிவு பிறவியிலேயே வரணும், மாசாமாசம் ஃபீஸ் கட்டி வாங்க முடியாது" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அதே அண்ணன் நேற்று ராத்திரி விடுதியில் ஒரு பல்லியைப் பார்த்துவிட்டு, ரூமை மாத்தித் தரச் சொன்னார் நடுவர் அவர்களே! (பலத்த சிரிப்பு)

நான் கல்லூரியில் படித்த காலத்தில் டவுன் பஸ்ஸில் எங்களுக்கு இருந்த ஒரே ஆயுதம் ஊக்கு. தாவணியில் ஒன்று, கையில் ஒன்று. மாஸ்டர் கிடையாது, பெல்ட் கிடையாது. சீனியர் அக்காதான் குரு. கூட்டத்தில் எங்கே நிற்கணும், பையை எந்தப் பக்கம் வெச்சுக்கணும், எப்போ குத்தணும், குத்தினப்புறம் ஒண்ணுமே தெரியாத மாதிரி முகத்தை எப்படி வெச்சுக்கணும் என்று பாடம் எடுப்பார். (சிரிப்பு) அது பிறவித் துணிவா? இல்லை. கற்ற கலை!

என் மகள் ஊக்கோடு அலைய வேண்டாம் என்று கராத்தே வகுப்பில் சேர்த்தேன். ஏழு வருஷம் படித்தாள். பிரவுன் பெல்ட். ஷோகேஸ் நிறையக் கோப்பை. அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். கல்லூரி முதலாண்டில் ஒருநாள், எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில், குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு மனிதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மேலேயிருந்து யாரோ இறங்குகிற சத்தம் கேட்டதும்தான் விட்டார். அவள் வந்து என்னிடம் சொன்னாள். "ஏண்டி, ஏழு வருஷம் படிச்சியே, ஒரு குத்து விடக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: "அம்மா, வகுப்புல எதிரே நிக்கிறவ முதல்ல வணக்கம் சொல்லுவா. மாஸ்டர் 'ஹாஜிமே'ன்னு சொன்னாத்தான் ஆரம்பிக்கணும். இங்கே யாரும் சொல்லலையே. உடம்பு அப்படியே மரத்துப் போச்சு. கத்தலாம்னு நெனச்சேன். தெரிஞ்ச அங்கிளாச்சே, மாடிப்படியில சத்தம் போட்டா நீ திட்டுவியேன்னு இருந்துச்சு."

எதிரணி கைதட்டலாம். "பார்த்தீங்களா, கலை கைவிட்டுடுச்சு" என்று சொல்லலாம். பொறுங்கள்! என் மகள் படித்தது ஒரு பயிற்சி அல்ல, இரண்டு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கராத்தே. மற்ற நேரமெல்லாம், பதினெட்டு வருஷமாக, வீட்டிலே இன்னொரு பயிற்சி: "மெதுவாப் பேசு, பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே, நாலு பேர் கேட்பாங்க, சத்தம் போடாதே." அன்றைக்கு அந்த மாடிப்படியில் ஜெயித்தது எந்தப் பயிற்சி? நான் கொடுத்த பயிற்சி, நடுவர் அவர்களே. (அமைதி)

அந்த மனிதரை நாங்கள் சும்மா விடவில்லை. அது வேறு கதை. ஆனால் அதற்குப் பிறகுதான் நான் தேட ஆரம்பித்தேன். எந்தப் பயிற்சி நிஜத்தில் உதவும்?

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய 900 மாணவிகளை வைத்து நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரு பாதிக்குப் படிக்கத் துண்டுப் பிரசுரம். மறுபாதிக்கு, மூன்று மூன்று மணி நேரமாக 12 மணி நேரப் பயிற்சி. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பிரசுரம் படித்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் ஐந்து பேர். பாதி! அந்தப் பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? தெரிந்தவரிடமிருந்தே ஆபத்து வரும் என்று அடையாளம் காண. "சே, அவர் அப்படியெல்லாம் இருக்க மாட்டார்" என்கிற தயக்கத்தைத் தாண்ட. அப்புறம் வாயாலும் கை காலாலும் தடுக்க. துணிவையே 12 மணி நேரத்தில் பாடமாக நடத்தியிருக்கிறார்கள் அண்ணா! (கைதட்டல்)

நம் வள்ளுவர் இதற்கு முன்னோடி. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்குச் சொன்னது, நம் பெண்ணுக்கும் பொருந்தும். 45 கிலோ பெண் 80 கிலோ ஆளோடு மல்லுக்கட்ட முடியாது. கண், மூக்கு, முழங்கால் என்று பார்த்து ஒரு அடி, அடுத்த நொடி ஓட்டம். அது வலியறிதல். தொட்ட பிறகு யோசிப்பதல்ல, நெருங்கும்போதே "தள்ளி நில்லுங்க" என்று உரக்கச் சொல்வது காலமறிதல். கதவு எங்கே, ஆள் நடமாட்டம் எங்கே என்று பார்த்து வைப்பது இடனறிதல்.

சிலம்பமும் கராத்தேயும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்பு உறுதிப்படும், கண் கூர்மையாகும். ஆனால் பஸ்ஸில் யாரும் கம்போடு ஏறுவதில்லையே! ஆகவே பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்கும் முன் கொஞ்சம் கேளுங்கள். கத்தப் பழக்குகிறார்களா? பிடித்தால் நிஜமாகவே இறுக்கிப் பிடித்துப் பழக்குகிறார்களா? சுடிதாரிலும் செருப்போடும் பழகவிடுகிறார்களா? "முடிந்தால் ஓடு" என்று சொல்லித் தருகிறார்களா? "பத்தே நாளில் நாலு பேரை அடிக்கலாம்" என்றால், கும்பிடு போட்டுத் திரும்பிவிடுங்கள். "பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது" என்றால், கும்பிடுகூடப் போடாமல் திரும்பிவிடுங்கள்! (கைதட்டல்)

"அடித்தால் நம்ம மேலேயே கேஸ் வருமே" என்று சில தாய்மார்கள் பயப்படுகிறார்கள். தன்னைக் காத்துக்கொள்வது சட்டம் தந்த உரிமை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. காத்துக்கொள்ளத் தேவையான அளவு அடிக்கலாம்; ஆபத்து நீங்கின பிறகு துரத்திப் போய் அடிக்கக் கூடாது. உதவிக்கு 112, பெண்களுக்கென்றே 181.

கடைசியாக ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் என் மகளும் எதிரெதிரே நின்று கத்திப் பழகினோம். முதல் தடவை அவள் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. எனக்கு அதுவும் வரவில்லை. முப்பது வருஷம் மேடையில் பேசுகிறவள் நான்! மூன்றாவது தடவை, "விடுடா கையை!" என்று அவள் கத்தினாள் பாருங்கள், எதிர்வீட்டு மாமா பூஜையை விட்டுவிட்டுக் கையில் மணியோடு ஓடி வந்துவிட்டார். (பலத்த சிரிப்பு) மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "பரவாயில்லம்மா. கத்தினா ஓடி வர ஆள் இருக்குன்னு குழந்தைக்குத் தெரிஞ்சுதே, அது போதும்."

அன்று என் மகள் முகத்தில் பார்த்தேனே, அது பிறக்கும்போது வந்த துணிவு அல்ல. மூன்று தடவை கத்தி, கற்றுக்கொண்ட துணிவு. அதனால் சொல்கிறேன், பெற்ற துணிவென்று ஒன்று தனியாக இல்லை. அதுவும் கற்ற கலைதான். "சத்தம் போடாதே" என்று சொல்லிக்கொடுத்த நாமே, எப்போது சத்தம் போடவேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுப்போம். (நீண்ட கைதட்டல்)