புள்ளும் படமும் புலவரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதையை வாசித்தும் ஆராய்ந்தும் வரும் இவ்வட்டத்தின் நிறைவு விழாவில், காட்டுப் பறவைகளை நோக்குவதும் படமெடுப்பதுமாகிய பொழுதுபோக்கைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். தமிழ் கற்பிப்பவர்க்குக் கேமராவோடு என்ன உறவு என்று நீங்கள் எண்ணக்கூடும். விடுமுறை நாள்களில் இருகண்நோக்கியோடு குளக்கரைகளில் நிற்பவள் நான். மற்ற நாள்களில் சங்கப் பாடல்களை வகுப்பறையில் விளக்குபவள். இவ்விரண்டும் ஒரே தொழிலின் இரு பக்கங்கள் என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்க விழையும் கருத்து.

தொல்காப்பியர் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் சேர்த்து வைத்தார். ஒரு நிலத்தை இன்ன நிலம் என்று அறிவதற்குப் பறவையும் ஓர் அடையாளம் என்பது இதன் பொருள். ஐங்குறுநூற்றைப் புரட்டினால் வெள்ளாங்குருகுக்குப் பத்து, சிறுவெண்காக்கைக்குப் பத்து, கிள்ளைக்குப் பத்து, மஞ்ஞைக்குப் பத்து எனப் பறவைப் பெயர்களாலேயே பாடற்பகுதிகள் அமைந்திருக்கக் காண்கிறோம். அங்கே ஒவ்வொரு புள்ளும் தன் பெயரோடும் தன் நிலத்தோடும் வருகின்றது.

குறுந்தொகையின் 25ஆம் பாடலை நினைவுகூருங்கள். கபிலர் பாடியது. தலைவனோடு தனக்கு நேர்ந்த மணத்திற்குச் சாட்சி எவருமில்லை, அங்கே நின்ற குருகு ஒன்றே உண்டு என்கிறாள் தலைவி. அக்குருகின் காலுக்குத் தினைத்தாளை உவமை சொல்லும் கபிலர், அது ஆரல் மீனை எதிர்நோக்கி நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். மீன்மேல் கண் வைத்த குருகு மனிதரைப் பார்க்குமா? சாட்சி இருந்தது, ஆனால் அது பார்க்கவில்லை. தலைவியின் துயரம் முழுவதும் இந்த நுட்பத்தில் அடங்கியிருக்கிறது. நீரில் நிற்கும் குருகின் இயல்பை நேரில் கண்டு நின்ற ஒருவராலன்றி இப்பாடலை எழுதியிருக்க இயலாது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த சத்திமுத்தப் புலவரும் அத்தகையவரே. வறுமையில் நொந்த நிலையிலும் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கிற்கு ஒப்பிட்டார். அப்பறவை தெற்கே வந்து வடக்கே மீள்வதையும் அறிந்திருந்தார். செங்கால் நாரை ஐரோப்பாவிலும் மைய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் நம் நாட்டிற்கு வலசை வரும் பறவை என்று இன்றைய அறிவியல் கூறுவதோடு அவர் பார்வை பொருந்துகின்றது.

இனி, நம் காலத்துக் கவிதைகளுக்கு வருவோம். பறவைகளுக்குப் பஞ்சமில்லை. சிறகு உண்டு, வானம் உண்டு, கூடு உண்டு, விடுதலை உண்டு. எந்தப் பறவை, எந்த மரம், எந்த மாதம் என்று கேட்டால் மட்டும் விடை கிடைப்பதரிது. பெயரற்ற பறவை குறியீடாகிவிடுகிறது. குறியீட்டிற்கு இரை வேண்டாம், நீர் வேண்டாம், முட்டையிட இடமும் வேண்டாம். நாம் கைவிட்ட அந்தப் பார்வையை இன்று கையில் எடுத்திருப்பவர்கள் யார்? விடியலில் குளக்கரையில் கேமராவோடு காத்திருக்கும் இளைஞர்களே என்பது என் துணிபு.

இப்பழக்கத்தின் வரலாறு துப்பாக்கியோடு பிணைந்தது. ஒரு காலத்தில் பறவையை அறிதல் என்பது அதைச் சுட்டு வீழ்த்தித் தோலைப் பாடம் செய்து வைப்பதாகவே இருந்தது. பறவையியலறிஞர் சாலிம் அலியே சிறுவயதில் தாம் சுட்ட ஒரு மஞ்சள் தொண்டைக் குருவியின் வழியாகத்தான் 1908இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். இதற்கு மாற்றான வழியும் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. 1892இல் இங்கிலாந்தின் கியர்ட்டன் உடன்பிறப்புகளான ரிச்சர்டும் செர்ரியும் முட்டைகளோடு கூடிய ஒரு கூட்டைப் படமெடுத்தனர். பின்னர் பறவைகளை அஞ்சவிடாமல் நெருங்குவதற்காக மாட்டுத்தோலால் ஆன பொய்யுருவினுள் ஒளிந்திருந்தும் படமெடுத்தனர். கொல்லாமல் காணலாம் என்பதைக் கேமரா மெய்ப்பித்தது.

தமிழகத்தில் இம்மரபின் தலைமகன் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர். பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்த கேமராவைச் சுமந்து காடுகளில் திரிந்து, கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் மறையும் வரை இயற்கையைப் பற்றி எழுதினார், தமிழிலும் எழுதினார். அத்தமிழ்க் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்தளித்தவர் நம் கொங்கு மண்ணின் தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன். கிருஷ்ணனிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு: அவர் படம் எழுத்திலிருந்து பிரிந்து நிற்கவில்லை. கண்டதைப் படமாக்கியவர், கண்டது இன்னதென்று சொல்லவும் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதினார்.

சொல்வதற்குப் பெயர் வேண்டும். பேராசிரியர் க. ரத்னம் தமிழில் வழங்கும் பறவைப் பெயர்களைத் திரட்டி நூலாக்கினார். அப்பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நீரில் மூழ்கி மூழ்கி எழுவது முக்குளிப்பான். ஆள் வரவைக் கூவி அறிவிப்பது ஆள்காட்டி. நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க ஏற்றவாறு அலகின் நடுவே இடைவெளி கொண்டது நத்தைக்குத்தி நாரை. குளிர்காலத்தில் வந்து, காலையும் மாலையும் ஏறக்குறைய ஒரே வேளையில் குரல் கொடுப்பது ஆறுமணிக்குருவி. இவற்றைப் படைத்தவர்கள் ஏட்டறிவு பெற்ற புலவர்கள் அல்லர். உழவரும் ஆயரும் மீனவரும் ஆவர். ஒவ்வொரு பெயரும் பல தலைமுறைகள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய ஒற்றைச் சொற்கவிதை. பெயர் மறையுமானால் அப்பார்வையும் உடன் மறையும்.

கொங்கு நாடு இப்பார்வைக்கு வாய்ப்பான நாடு. குறிஞ்சிக்கு ஆனைமலையும் வால்பாறையும் உள்ளன; அங்கே இருவாச்சி பறக்கும் ஓசையைத் தொலைவிலிருந்தே கேட்கலாம். முல்லைக்குக் காங்கயம், தாராபுரம் பகுதிகளின் கொரங்காடு உண்டு. கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் சூழ்ந்த அம்மேய்ச்சல் நிலத்தில் கௌதாரியும் பனங்காடையும் கரிச்சானும் வாழ்கின்றன. மருதத்திற்கு வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யலும், அதன் வாய்க்கால்கள் நிரப்பும் பேரூர், உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர்க் குளங்களும் உள்ளன. சாலிம் அலியின் பெயரால் 1990இல் பறவையியல் ஆய்வு மையம் அமைந்ததும் நம் ஆனைகட்டியில்தான்.

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். 'படம் பிடித்தல்' என்கிறோம். காடை பிடித்தல், மீன் பிடித்தல் என்பனவற்றிலும் அதே வினைதான். சொல்லில் ஒளிந்திருக்கும் வேட்டை செயலிலும் தலைகாட்டுவதுண்டு.

இருவாச்சியை எடுத்துக்கொள்வோம். பெண் பறவை முதுமரத்தின் பொந்தினுள் புகுந்து, அலகு நுழையும் அளவு இடுக்கு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்கிறது. முட்டையிட்டு அடைகாக்கும் வாரங்களில் அதற்கும், பின்னர் குஞ்சுக்கும், பழங்களைக் கொணர்ந்து ஊட்டுவது ஆண் பறவையே. அம்மரத்தடியில் படத்திற்காகப் பத்துப் பேர் கூடி நின்றால் ஆண் பறவை அணுக அஞ்சும். ஒவ்வொருவர்க்கும் ஓர் அழகிய படம் கிடைக்கலாம். உள்ளே இருப்பவை பசித்திருக்கும். ஆள்காட்டியோ வெறுந்தரையில், கூழாங்கற்களின் நிறத்தில் முட்டையிடுவது. நாம் அருகே நிற்கும்வரை அது மேலே சுற்றிச்சுற்றிக் கத்தும். நிழலிழந்த முட்டைகள் வெயிலில் கிடக்கும். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு ஆண் பறவையை வரவழைப்போரும் உளர்; தன் எல்லைக்குள் பகைவன் புகுந்தானென்று எண்ணி அது இரையையும் கூட்டையும் விட்டு ஓடிவரும்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி இல்லாமலும் வேட்டையாடலாம் என்பதை அச்சட்டம் உணர்ந்திருக்கிறது. ஆகவே படமெடுப்பவர்க்கு முதற்பாடம் விலகி நிற்றல். இரண்டாம் பாடம் காத்திருத்தல். காலமறிதலைப் பேசவந்த வள்ளுவர் கொக்கை உவமை காட்டினார். நொடிக்கு இருபது படம் எடுக்கும் கருவி வந்துவிட்ட இந்நாளிலும் அப்பொறுமைக்கு மாற்று வரவில்லை.

கூட்டைத் தொடாதிருந்தால் மட்டும் போதுமா? நீர்நிலையின் கரையையும் எண்ண வேண்டும். உள்ளான் போன்ற பறவைகள் கணுக்கால் அளவு நீரிலும் ஈரச் சேற்றிலும் அலகை விட்டுப் புழுக்களைத் தேடுபவை. தாழைக்கோழிக்கு நாணலும் கோரையும் வேண்டும். கோவைக் குளங்கள் சிலவற்றின் கரைகள் சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் நடைபாதைகளும் விளக்குகளும் பெற்றன. மாலையில் உலவ நமக்கு இடம் கிடைத்தது நன்றே. ஆனால் செங்குத்தான கற்சுவர் எழுந்த கரையில் சேறு ஏது? கோரை ஏது? இவ்வினாவை எழுப்பச் சான்று வேண்டும். இன்ன குளத்தின் இன்ன கரையில், இன்ன ஆண்டில், இன்ன பறவை நின்றது என்று காட்டும் ஒரு படம் அத்தகைய சான்று. அழகில் குறைந்த படமாயினும் நாளும் இடமும் பெயரும் குறித்ததாயின் அது ஆவணமாகின்றது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஈரோட்டை அடுத்த வெள்ளோட்டில் 1996இல் அமைந்த பறவைகள் காப்பிடம் 2022இல் ராம்சர் நீர்நிலையாக ஏற்கப்பட்டது. அதனைச் சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தம் பிள்ளைகளின் ஒரு நாள் மகிழ்ச்சியைப் பறவைகளுக்காக விட்டுக்கொடுத்த அவ்வூரார் கவிதை எழுதாத கவிஞர்கள் எனத் தகும். திருப்பூரின் நஞ்சராயன் குளமும் 2022இல் பறவைகள் காப்பிடமாகி, 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தொழில்நகரத்தின் விளிம்பிலிருக்கும் அக்குளத்திற்கு, இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் வந்திறங்கியதுண்டு.

கவிஞர் பெருமக்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கின்றேன். முதலாவது, உங்கள் தெருவிலோ தோட்டத்திலோ காணும் பறவைகளில் பத்தையேனும் தமிழ்ப் பெயரோடு அறிந்துகொள்ளுங்கள். வீட்டில் முதியோர் இருப்பின் அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டாவது, 2015 முதல் பொங்கல் நாள்களில் நடைபெற்று வரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் பங்கு கொள்ளுங்கள். ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்தால் போதும். நல்ல கவிதைக்கும் அதுவே முதற்பயிற்சி. மூன்றாவது, படமெடுக்கும் இளைஞர்களை இவ்வட்டத்திற்கு அழையுங்கள். அவர்களிடம் பார்வை இருக்கிறது, சொல் போதவில்லை. நம்மிடம் சொல் இருக்கிறது, பார்வை போதவில்லை.

கபிலரின் குருகு பாராமல் நின்ற சாட்சி. குளம் சுருங்குவதையும் பெயர்கள் மறைவதையும் நாளை நம் பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, அருகில் இருந்தோம், ஆனால் வேறெங்கோ பார்த்திருந்தோம் என்று நாம் விடை கூறலாகாது. பார்த்தவராக, பெயரறிந்தவராக, எழுதி வைத்தவராக இருப்போம்.