கரைவது வேறு, அழிவது வேறு



புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு வீவக வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டார். பழைய மாத்திரையில் பாதி அட்டை மிச்சம். மாமியார் அவற்றைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறக்கப் போகிறார்.

"அதில் போடாதீங்க அத்தை" என்கிறார் மருமகள்.

"ஏம்மா, தண்ணியில கரைஞ்சு போயிடும்தானே?" என்று கேட்கிறார் மாமியார்.

மாமியாரின் கேள்வி நியாயமானது. அதற்கான பதில்தான் இன்றைய பேச்சு. கரைவது வேறு, அழிவது வேறு. கரைந்த மாத்திரை கண்ணுக்கு மறைகிறது. அதன் மூலக்கூறு மறைவதில்லை.

துளியிலும் துளி

இத்தகைய பொருள்களை நானோகிராம் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கிராமை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோகிராம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 200 ஒலிம்பிக் நீச்சல் குளங்களின் நீரில் கரைத்தால், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோகிராம் வரும்.

இவ்வளவு சிறிய அளவை யார் கண்டுபிடிக்க முடியும்? மனித மூக்கே சிலவற்றைக் கண்டுபிடித்துவிடும். மழை பெய்தவுடன் எழும் மண்வாசனைக்கு ஜியோஸ்மின் என்ற பொருள் காரணம். நீர்த்தேக்கத்து நுண்ணுயிர்களும் அதை உண்டாக்குகின்றன. லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தாலே குடிநீரில் 'மண் வாடை' என்று பலர் முகம் சுளிப்பார்கள். அது தீங்கு செய்வதில்லை. ஆனால் மருந்து, பூச்சிக்கொல்லி, தொழிற்சாலைக் கரைப்பான் போன்றவை இவ்வளவு சிறிய அளவில் இருந்தால் பெரும்பாலும் வாடை தெரியாது. கருவிதான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு வழிகள்

சிங்கப்பூரில் மழைநீரும் கழிவுநீரும் தனித்தனி வழியில் செல்கின்றன. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை, கால்வாய்கள் வழியாக நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. சாலை, கார் நிறுத்துமிடம், தோட்டம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகும் நீர் அது. பாத்திரம் கழுவும் தொட்டி நீரோ கழிவுநீர்க் குழாயில் இறங்கி, சுத்திகரிப்பு ஆலைக்குச் செல்கிறது. அங்கிருந்து ஒரு பகுதி புதுநீராக மாறுகிறது. 2003ஆம் ஆண்டில் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் முதல் புதுநீர் ஆலைகள் திறக்கப்பட்டன. நுண்வடிகட்டல், உப்பைக்கூடத் தடுத்து நிறுத்தும் மெல்லிய சவ்வு, புற ஊதாக் கதிர் என மூன்று கட்டங்கள். வறண்ட மாதங்களில் புதுநீர், நீர்த்தேக்கங்களிலும் சேர்க்கப்படுகிறது.

அந்தச் சவ்வு பெரும்பாலான மருந்துகளைப் பிடித்துவிடும். ஆயினும் மிகச் சிறிய மூலக்கூறுகள் சில நழுவக்கூடும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சு கவுண்டி இதை அனுபவத்தில் அறிந்தது. அங்கு 2008இல் திறக்கப்பட்ட நீர் மறுபயனீட்டு ஆலையில், சவ்வுக்குப் பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து வலுவான புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். நழுவியதை உடைப்பதற்காகவே அந்த ஏற்பாடு.

வாழைப்பூவும் ஓசோனும்

உடைப்பது எப்படி? வாழைப்பூவை நறுக்கி வைத்தால் கறுத்துவிடுகிறது. அதனால்தான் இல்லத்தரசிகள் மோரில் போடுகிறார்கள். இரும்பு துருப்பிடிக்கிறது. விறகு எரிகிறது. எல்லாம் ஆக்சிஜன் செய்யும் வேலை. இதை ஆக்சிஜனேற்றம் என்கிறார்கள். அதே வேலையைத் தண்ணீருக்குள் வேகமாகச் செய்ய வைப்பதுதான் இந்தத் தொழில்நுட்பம்.

புக்கிட் பாஞ்சாங்கிற்கு அண்டையில் உள்ள சுவா சூ காங் நீர்ச் சுத்திகரிப்பு ஆலை இதற்கு நல்ல உதாரணம். பொதுப் பயனீட்டுக் கழகம் அந்த ஆலையை மேம்படுத்தி 2019இல் பணியை முடித்தது. பீங்கான் சவ்வுகளுடன் ஓசோனும், நுண்ணுயிர் வளரும் கரி வடிகட்டியும் அங்கு சேர்க்கப்பட்டன.

ஆக்சிஜன் வாயுவில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஓசோன் கிடைக்கும். அது புதிய கண்டுபிடிப்பு அன்று. பிரான்சின் நீஸ் நகரம் 1906ஆம் ஆண்டிலேயே குடிநீருக்கு அதைப் பயன்படுத்தியது. நீரில் குமிழியாக விடும்போது, மூலக்கூறின் சில வகைப் பிணைப்புகளை ஓசோன் தேடிப் பிடித்து உடைக்கிறது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் கார்பமசபீன் விரைவில் உடைந்துவிடும். எக்ஸ்ரே படத்திற்காகச் செலுத்தப்படும் அயோடின் மருந்துகள் எளிதில் அசையா. அத்தகைய பிடிவாதப் பொருள்களைத் தாக்க ஹைட்ராக்சில் என்ற இன்னும் வலிமையான துகள் வேண்டும். பெராக்சைடும் புற ஊதாக் கதிரும் சேர்ந்தால் அது பிறக்கிறது. வினாடியில் மிக மிகச் சிறிய பங்கு நேரமே அது தங்கும். அதற்குள் எதிரே வருவது எதுவாயினும் மோதிவிடும். நீரில் வேறு அழுக்கு அதிகமிருந்தால், அதன் பலமெல்லாம் அந்த அழுக்கிலேயே வீணாகிவிடும்.

உடைந்த பிறகு?

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. உடைத்தல் என்பது முற்றாக ஒழித்தல் ஆகாது. பெரிய மூலக்கூறு பல சிறு துண்டுகளாகிறது. அவற்றில் சிலவற்றை நுண்ணுயிர்கள் எளிதாகத் தின்றுவிடும். ஓசோனுக்குப் பின்னால் நுண்ணுயிர் வளரும் கரியை வைப்பது அதற்காகத்தான். ஒருவர் நறுக்கிக் கொடுக்க, மற்றவர் சமைத்து முடிப்பதுபோல.

ஓசோனை அளவுக்கு மீறிச் செலுத்தினாலும் ஆபத்து. நீரில் புரோமைடு இருந்தால், அது புரோமேட்டாக மாறும். குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே மருந்து அதிகமானால் நஞ்சாகும் என்ற பாடம் தண்ணீருக்கும் பொருந்தும். இவ்வளவுக்கும் மின்சாரம் செலவாகிறது. அதற்குப் பணமும் செலவாகிறது.

சுவிட்சர்லாந்து இன்னொரு வழியைக் காட்டியது. தேர்ந்தெடுத்த கழிவுநீர் ஆலைகளில் ஓசோனையோ கரியையோ சேர்க்க வேண்டும் என்ற விதி அங்கு 2016இல் நடப்புக்கு வந்தது. ஆற்றில் கலப்பதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்கும் முந்திய இடம் ஒன்று உண்டு. அதுதான் வீட்டுச் சமையலறை.

நேயர்களே, மாமியாரின் கையில் இருக்கும் அட்டைக்குத் திரும்புவோம். மாத்திரைகளைப் பிரித்து, பயன்படுத்திய தேயிலைத் தூளோடு ஒரு பையில் போட்டு இறுகக் கட்டி, குப்பையில் போடச் சொல்கிறார் மருமகள். வீட்டுக் குப்பை எரியாலைக்குப் போகிறது. அங்கு நெருப்பாக வருவதும் அதே ஆக்சிஜன்தான். பல்லாயிரம் லிட்டர் நீரில் ஒரு மாத்திரையைத் தேடி அலைவதைவிட, ஒரே இடத்தில் அதை எரிப்பது எவ்வளவோ எளிது.

"சரிம்மா, தேயிலைத் தூளை எடு" என்கிறார் மாமியார். ஆலை செய்ய வேண்டிய வேலையில் கொஞ்சம் அந்தச் சமையலறையிலேயே முடிந்துவிடுகிறது.