மூலன் மனைவியின் துயரம்
(கூத்தாநல்லூர்த் திருவிழாச் சொற்பொழிவு)



நம் ஊருக்கு நேர் வடக்கே, காவிரியின் தென்கரையில் உள்ளது திருவாவடுதுறை. அதனை அடுத்த சாத்தனூரில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்துள் கூறும் வரலாற்றை இன்று சிந்திக்க எடுத்துக் கொண்டோம். திருமூல நாயனார் வரலாறு நீங்கள் அறிந்ததே. அவ்வரலாற்றில் இடையில் வந்து மறையும் ஒரு பெண்ணிடத்தில் இன்று சற்று நிற்போம்.

மூலன் என்னும் ஆயன் மாடு மேய்க்குமிடத்தே உயிர் நீங்கினான். பசுக்கள் அவனுடலைச் சுற்றி மோந்து கதறின. கயிலையிலிருந்து பொதியமலை நோக்கி வந்த சிவயோகியார் ஒருவர், அவற்றின் துயர் நீக்கக் கருதித் தம் உடலை ஓரிடத்தே காப்பாக வைத்து, மூலன் உடலுட் புகுந்து எழுந்தார். பசுக்கள் களித்தன, மாலையில் தத்தம் மனை சென்றன. அவற்றிற்கு அது போதும். மேனியும் மணமும் மூலனுடையவை அல்லவா?

மனைவிக்கு அது போதவில்லை. பொழுது சென்றும் வாராத கணவனைத் தேடி வந்தவள் தொட நெருங்கினாள். "உனக்கும் எமக்கும் உறவில்லை" என்று விலகி, யோகியார் பொதுமடத்துட் புகுந்துவிட்டார். அவள் இரவெல்லாம் உறங்கவில்லை. மறுநாள் ஊர்ப் பெரியோரிடம் முறையிட்டாள். அவர்கள் வந்து பார்த்து, இது பித்தும் அன்று, வேறோர் பற்றும் அன்று, சிவயோக நிலை என்றனர். அவள் துயரத்தோடு அகன்றாள். அதன்பின் சேக்கிழார் அவளைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. நாயனாரின் திருமந்திரப் பெருமையிலே திளைக்கும் நாமும் அவளை எளிதில் மறந்துவிடுகிறோம்.

அவள் கண்முன் நின்றவர் யார்? உடலே ஆள் என்றால் மூலன் சாகவில்லை. அவளோ கைம்பெண் ஆகிவிட்டாள். ஆள் வேறு, உடல் வேறு என்பதனை அவளுடைய ஓர் இரவே காட்டுகிறது. நாமும் 'என் கை', 'என் உடல்' என்றுதானே சொல்கிறோம்? 'என் வீடு' என்பவன் வீடு அல்லன். மெய்கண்ட தேவர் சிவஞான போதத்துள் உயிர் உண்மைக்குக் காட்டும் ஏதுக்களுள் இதுவும் ஒன்று.

உடல் அன்று எனின், நினைவுதானே ஆள் என்பர் சிலர். இங்குதான் வினா கடினமாகிறது. 'முற்பிறவி உண்டு என்கிறீர்களே, எனக்கு ஒன்றும் நினைவில்லையே' என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அதட்டி அடக்கத் தக்கதன்று.

அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953இல், வலிப்பு நோய் தீரும்பொருட்டு மூளையின் ஒரு பகுதியை எடுத்தனர். அன்றுமுதல், 2008இல் இறக்கும்வரை, புதிதாக நடந்தது எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார், கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு விண்மீன் வடிவத்தின் மேல் கோடிழுக்கும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் அதனை முன்பு செய்ததாக அவருக்கு நினைவே இல்லை! பழக்கம் தங்கியது, பழகிய செய்தி தங்கவில்லை.

இது மறுபிறவிக்குச் சான்று என்று நாம் கூறவில்லை. அவருடைய மூளையின் பிற பகுதிகள் இருந்தன. தேர்ச்சி அங்கே தங்கியது என்பர் மருத்துவர். அது சரியே. 'நினைவில்லை, ஆகவே நான் அங்கு இருந்ததில்லை' என்னும் வாதம் நில்லாது என்பதற்கு மட்டும் இது போதும். நம் சித்தாந்தமும் நினைவை உயிராகக் கொள்ளவில்லை. சித்தம் அந்தக்கரணங்களுள் ஒன்று; அதாவது கருவி. கருவி மாறினால் அறிவது மாறும். தொடர்ந்து வருவது வினை. சீரகச் சம்பா விதைநெல்லுக்குத் தான் விளைந்த வயல் நினைவில்லை. ஆயினும் நாற்றங்காலில் சீரகச் சம்பாவாகவே முளைக்கிறது.

இவ்வவையில் இருப்போர் சிலர் இல்லத்தில், முதிர்ந்த தாய் தான் பெற்ற மகனையே 'நீ யாரப்பா?' என்று கேட்கும் நிலை இருக்கலாம். அம்மா போய்விட்டாள், உடல்தான் இருக்கிறது என்று மனம் சோர வேண்டா. மூலன் மனைவி கண்டது வேறு. நீங்கள் காண்பது வேறு. அங்கே உயிர் மாறிற்று. இங்கே கருவி தேய்ந்தது. சோறூட்டும் கைக்கு உரியவள் அங்கேயே இருக்கிறாள்.

இறந்தவரை மீண்டும் அவராகவே காண்போமா என்றும் கேட்பீர்கள். அப்படி ஓர் ஆறுதலைப் புராணம் மூலன் மனைவிக்குச் சொல்லவில்லை. சொல்லாததை நாமும் சேர்த்துச் சொல்லலாகாது. உயிர் அழியாது என்பது வேறு. பழைய உறவு அப்படியே திரும்பும் என்பது வேறு. மூலனுயிர் தன் வினைவழியே சென்றது. அது எங்கே பிறந்தது, யாரை அம்மா என்று அழைத்தது என்பதை யார் அறிவார்?

இதனை நன்கு உணர்ந்தவர் காரைக்கால் அம்மையார். அவரும் நம் காவிரி நாட்டவரே. கணவனால் கைவிடப்பட்ட துயரமும் அறிந்தவர். இறைவன் முன் நின்றபோது, இனிப் பிறவாதிருக்க வேண்டினார். அது கூடாதாயின் என் செய்வது என்று, அதற்கும் சேர்த்து ஒன்று கேட்டார். வீடு, சுற்றம், பெயர் ஆகியவற்றின் நினைவைக் கேட்கவில்லை. எங்கே பிறந்தாலும் சிவபெருமானை மறவாத ஒன்றை மட்டுமே கேட்டார்.

திருச்சிற்றம்பலம்.