புதுப்பித்தலுக்குப் பின் நின்றுபோன இணையம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கோவில்பட்டியில் செய்த பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டு உங்களிற் சிலர் நகைக்கவும் கூடும். கல்வியைப் பற்றியும் விவாகச் செலவைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில், கணினியிற் சொருகிய கம்பியைப் பற்றி என்ன பேச்சு என்று வினவுவீர்கள். தீப்பெட்டித் தொழிலினாலும், பருத்தி உளுந்து வியாபாரத்தினாலும், கடலைமிட்டாயினாலும் ஜீவனம் செய்யும் இக்கரிசற் சீமையில், கணக்கும் வரியும் இப்பொழுது அக்கம்பி வழியாகவே நடந்தேறுகின்றன. 2018-ஆம் வருஷம் ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை வெளி மாநிலத்துக்கு ஏற்றுவோர் இ-வே பில் என்னும் சீட்டை இணையத்திற் பதிந்தே அனுப்ப வேண்டும். சீட்டில்லையேல் லாரி நகராது. ஆதலின் நமக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தை ஒளியாமற் கூறுவோம்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் வடக்கே செல்ல வேண்டிய தீப்பெட்டிப் பண்டல்கள் லாரியில் ஏறிவிட்டன. வானம் கறுத்திருந்தது. சீட்டெடுக்கக் கணினியைத் திறந்தால், அது இரவெல்லாம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தபடியால், புதிய முகத்தோடு எழுந்தது. ஆனால் இணையம் இல்லை. திரையின் மூலையில் உலக உருண்டை ஒன்று மட்டும் நின்றது. தெருவிற் குழாய்க்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கம்பியை அறுத்துவிட்டார்கள் என்று நாமே தீர்ப்புச் செய்தோம். இணையக் கம்பி பராமரிக்கும் தொழிலாளி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கடுஞ்சொற்களும் கூறினோம். அவர் மழையில், சக்கரத்தில் அப்பும் கரிசற் சேற்றினூடே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தார். விளக்குகள் பச்சையாய் இருந்தன. தம் கருவியை வைத்துச் சோதித்தார். ஒளி குறைவின்றி வந்தது. "கம்பியில் பழுதில்லை அண்ணாச்சி" என்றார். நாம் நம்பவில்லை. பின்னர்க் கணினி பழுது பார்க்கும் ஒருவர், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாய்ப் போட்டால்தான் ஆகும் என்றார். மூன்று வருஷக் கணக்கு அதில் இருந்தது. அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வியாபாரிகளாகிய உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

அதற்குள் நாம் கணினியை நான்கு முறை அணைத்து எழுப்பிப் பார்த்திருந்தோம். பலனில்லை. மாலையில், பொறியியல் படிக்கும் நம் உறவினர் மகள் வந்து, "பெரியப்பா, நீங்கள் அணைத்தீர்கள், மறுபடி தொடக்கவில்லை" என்று சொல்லி, ‘ஷட்டவுன்’ என்பதற்கு அடுத்திருந்த ‘ரீஸ்டார்ட்’ என்பதை ஒரு முறை அழுத்தினாள். கணினி எழுந்தது, இணையமும் வந்தது. காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை லாரி நின்றதற்குக் காரணம் அவ்வளவே!

அணைத்து எழுப்புவதும் மறுதொடக்கமும் ஒன்றல்லவா என்று கேட்பீர்கள். முன்னாளில் ஒன்றே. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் எழ வேண்டுமென்பதற்காக, அணைக்கும்போது கணினி தன் உள்நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுமுறை அதையே எடுத்துப் படிக்கிறது. நேற்றைய பேரேட்டில் விழுந்த பிழையைச் சரிபாராமல் இன்றைய பக்கத்துக்குக் கொண்டுவருவது போல்வது இது. மறுதொடக்கத்திலோ எல்லாம் முதலிலிருந்து எழுதப்படுகின்றன. 2016-ஆம் வருஷம் டிசம்பரில் இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் வேறு சில தேசங்களிலும் விண்டோஸ் 10 வைத்திருந்தோர் பலர் இணையத்தை இழந்தனர். உள்ளே ஓர் ஊழியம் முறிந்து விழுந்தமையால், கணினி தனக்குரிய எண்ணைப் பெற இயலாமற் போயிற்று. மைக்ரோஸாப்ட் ஸ்தாபனத்தார் முதலிற் கூறிய யோசனை, அணைக்காமல் மறுதொடக்கம் செய்யுங்கள் என்பதே. திருத்தம் அம்மாதம் 13-ஆம் தேதி வந்தது. திருத்தத்தைப் பெறவும் இணையம் வேண்டுமே! இஃதோர் வேடிக்கை.

நிற்க. மறுதொடக்கத்தால் தீராவிடின் யாது செய்வது? கிணற்றிலிருந்து தண்ணீர் பாத்திக்கு வரவில்லையெனில், கிணற்றையும் வாய்க்காலையும் மடையையும் வரிசையாய்ப் பார்க்கிறோமல்லவா? அப்படியே பார்க்க வேண்டும். சுவர்ப் பெட்டியில் செவ்விளக்கு எரிந்தால் ஒளிக்கம்பி அறுந்திருக்கலாம். அப்பொழுதே கம்பிக்காரரை அழைக்கலாம். பச்சையாயின், அதே பெட்டியிலிருந்து செல்பேசிக்கு இணையம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கம்பி குற்றமற்றது. அடுத்து, கணினியின் பின்புறம் கம்பி சொருகும் துவாரத்திலுள்ள சிறு விளக்குகளைப் பாருங்கள். அவை இருண்டிருந்தால் சொருகியைக் கழற்றித் துடைத்து, ‘டிக்’ என்னும் ஓசை வரும்படி மீண்டும் சொருகுங்கள். நம் ஊர்க் கரிசற் புழுதிக்கு இரும்பும் தப்புவதில்லை. அச்சொருகியின் பிளாஸ்டிக் கொக்கி எம்மாத்திரம்!

விளக்கு எரிந்தும் இணையம் வாராவிடின், கணினிக்கு எண் கிடைத்ததா என்று காண வேண்டும். வீட்டு எண் இல்லாத வீட்டுக்குத் தபால் வாராதது போல, எண் இல்லாத கணினிக்கு ஒன்றும் வாராது. கறுப்புக் கட்டளைத் திரையில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் அவ்வெண் தெரியும். 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் பெட்டி கொடுத்த எண் அது. 169.254 என்று தொடங்கினால், கேட்டும் பெட்டி விடை தரவில்லை என்றும், கணினி தானே ஒரு தற்காலிக எண்ணைச் சூட்டிக்கொண்டது என்றும் அறிக. பெட்டியை அணைத்துச் சற்றுப் பொறுத்து எழுப்பி, ‘ரிலீஸ்’, ‘ரின்யூ’ என்னும் கட்டளைகளால் எண்ணை விட்டு வாங்கலாம். எண் சரியாயிருந்தும், 8.8.8.8 என்னும் முகவரி விடை தந்தும், பெயரால் அழைத்த தளம் மட்டும் திறவாவிடின், பெயரை எண்ணாக்கும் ஏற்பாட்டிலேதான் குறை.

எண்ணைத் தாமே நிலையாக எழுதி வைத்திருக்கும் அலுவலகத்தார் பின்வருவதைக் கவனிக்க. 2018 மார்ச்சில் விண்டோஸ் 7-க்கு வந்த ஒரு புதுப்பித்தல், சில கணினிகளில் பழைய வலை அட்டையைப் புதியதாகக் கருதி, எழுதி வைத்த எண்களையெல்லாம் இழக்கச் செய்தது. அவ்வெண்களை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவர்க்கு அது ஐந்து நிமிஷ வேலை. மற்றவர்க்கு ஒரு நாள்.

வலை அட்டையை இயக்கும் ‘டிரைவர்’ என்னும் நிரலைப் புதுப்பித்தல் மாற்றிவிடுவதும் உண்டு. ‘டிவைஸ் மேனேஜர்’ என்னுமிடத்தில் பழைய டிரைவருக்குத் திரும்ப வழியிருக்கிறது. அவ்வழி மூடியிருந்தால் புதியதைத் தருவிக்க வேண்டும். தருவிக்க இணையம் இராது. ஆகையால், நன்றாய் ஓடும் நாளிலேயே அந்த டிரைவரை ஒரு பென்டிரைவில் எடுத்துப் பெட்டியிற் பூட்டி வையுங்கள். விதைப் பருத்தியை மழைக்கு முன் வாங்கி வைக்கும் நமக்கு இது புதிதன்று. எல்லாவற்றையும் ஆதிநிலைக்குக் கொண்டுவரும் ‘நெட்வொர்க் ரீசெட்’ கடைசிப் பிரயோகமாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. மூலையிலுள்ள குறியும் பொய் சொல்லும். 2020 மார்ச்சில், சில அலுவலகக் கணினிகள் இணையம் இருந்தும் இல்லையென்று காட்டின. சில செயலிகள் அக்குறியை நம்பி வேலை செய்ய மறுத்தன. ஆகையால் தளம் திறக்கிறதா என்று பார்த்த பின்பே குறியை நம்புக.

இத்தனையும் கேட்ட ஓர் அன்பர், புதுப்பித்தலையே நிறுத்திவிட்டால் என்ன என்றார். கூடாது. 2017 மார்ச் 14-இல் வந்த திருத்தத்தை ஏற்காத கணினிகளைத்தான் அவ்வருஷம் மே 12-இல் வான்னாக்ரை என்னும் நச்சு நிரல் தாக்கியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. நிறுத்துவதற்குப் பதில் ஒத்திவைக்கலாம். லாரி ஏற்றும் நாளிலும் வரி கட்டும் கெடுநாளிலும் வேண்டாமென்று தள்ளி, ஓய்வு நாளிற் செய்துகொள்ளலாம்.

அவசர வேலையோ, செல்பேசியைச் சார்ஜ் கம்பியாற் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைக் கடன் வாங்கினால் அப்பொழுதே முடிந்துவிடும். அன்று நம் சட்டைப் பையிலேயே செல்பேசி இருந்தது. அதைக்கொண்டு நாம் கம்பிக்காரரை ஏசினோமேயன்றிச் சீட்டெடுக்கவில்லை.

மறுநாள் அவர் வேலை செய்துகொண்டிருந்த தெருவிற்கு நாமே சென்று, பழுது எங்கே இருந்ததென்று சொல்லி வருத்தம் தெரிவித்தோம். ஏணியில் இருந்தபடியே கேட்டார்: "அது கிடக்கட்டும் அண்ணாச்சி, லாரி நனையாமல் போய்ச் சேர்ந்ததா?"