‘ஆன்’ என்றால் மேலே மட்டும்தானா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஒரே ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அந்தச் சொல் ‘ஆன்’.

‘இன்’ என்றால் உள்ளே, ‘ஆன்’ என்றால் மேலே என்று படித்தோம். மேசை மேல் புத்தகம், சரி. ஆனால் சீலிங்கில் தலைகீழாக ஒட்டியிருக்கும் பல்லிக்கும் ஆங்கிலேயன் ‘ஆன்’தான் போடுகிறான்! பல்லி சீலிங்குக்குக் கீழேயல்லவா இருக்கிறது? ஆக, ‘ஆன்’ என்பதற்கு உயரம் முக்கியமில்லை; தொட்டுக்கொண்டிருப்பதுதான் முக்கியம்.

நம்ம ஆரணியையே பாருங்கள். கமண்டல நாகநதிக்கும் ஆங்கிலத்தில் ‘ஆன்’தான். ‘ஆற்றின் மேல்’ என்று மொழிபெயர்த்தால் ஊரே மிதக்கும். ஆற்றைத் தொட்டபடி, அதாவது ஆற்றங்கரையில்.

குழித்தறிக்கு வாருங்கள். நெசவாளரின் கால்கள் குழியில்: ‘இன்’. அவர் வேலை செய்வது தறியில்: ‘அட்’. பாதி நெய்த சேலையும் தறியில்: ‘ஆன்’. நமக்கு மூன்றுக்கும் ஒரே ‘இல்’. அதனால் தமிழுக்குக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையில் உள், மேல், கீழ், பின், அயல் என்று இடச்சொற்களை அடுக்கியே வைத்திருக்கிறது. தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதெல்லாம் வெறும் இலக்கணமா? என் தொழிலில் ஒரு உதாரணம். பேரிங்கை ஷாஃப்ட்டில் மாட்டு, ஹவுசிங்கில் மாட்டு என்று தமிழில் சொல்வோம். ஆங்கிலக் கையேட்டில் ஷாஃப்ட்டுக்கு ‘ஆன்’, ஹவுசிங்குக்கு ‘இன்’. ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏற்றும்போது உள்வளையத்தை அழுத்த வேண்டும். ஹவுசிங்கில் இறுக்கமாகப் பொருத்தும்போது வெளிவளையத்தை. மாற்றி அழுத்தினால் விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும். வளையத்தில் தழும்பு விழும். மெஷின் ஓடின கொஞ்ச நாளிலேயே சத்தம் வரும். இரண்டெழுத்தைக் கவனிக்காததற்குப் புது பேரிங் வாங்க வேண்டியதுதான்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். இன்டர்வியூவில் தமிழ் மீடியம் என்று கூசாதீர்கள். வாய் திறக்குமுன் மனசுக்குள் கேளுங்கள்: தொட்டுக்கொண்டிருக்கிறதா? ‘ஆன்’. உள்ளே அடங்கியிருக்கிறதா? ‘இன்’. இன்ன இடம் என்று சுட்டினால் போதுமா? ‘அட்’. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பஸ்ஸுக்கு ‘ஆன்’, காருக்கு ‘இன்’ என்பதைப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் பாதிக்கு மேல் பயம் இதிலேயே போய்விடும்.