பாலருக்கான சித்திரப் பலகை



மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் படம் கீறத் தெரியும். இதை உணர்ந்து செய்யப்பட்ட மென்பொருள் 'டக்ஸ் பெயிண்ட்'. 2002ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த பில் கென்ட்ரிக் என்பவர் இதனைத் தொடங்கினார். லினக்ஸ் கணினிகளிலே பெரியவர்களுக்கு 'கிம்ப்' இருந்தது; பாலருக்கு ஏற்றது அக்காலத்தில் இருக்கவில்லை.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். படத்தைச் சேமிக்கக் குழந்தை பெயர் எழுத வேண்டியதில்லை. கீறியவை யாவும் சிறு படங்களாக வரிசையில் தோன்றும்; வேண்டியதைத் தொட்டெடுக்கலாம். கீழே ஒரு பென்குயின் நின்று வழிசொல்லும். அச்சிடும் பொத்தானைச் சின்ன விரல்கள் ஓயாது அழுத்துமல்லவா? ஒருமுறை அச்சிட்டபின் இத்தனை வினாடி பொறுக்கவேண்டுமென ஆசிரியர் விதிக்கவும் இடமுண்டு. பிள்ளைகளோடு பழகியவர்க்கே இது தோன்றும்!

இதற்கு விலையில்லை என்பதைவிட, இதன் மூலநிரல் திறந்து கிடக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். வழங்கும்போது அதே உரிமையையும் கொடுக்கவேண்டும். அதனாலன்றோ தமிழ் உட்படப் பற்பல மொழிகளில் தொண்டர்கள் இதனைப் பெயர்த்துள்ளனர்! இலாபத்தை எண்ணும் கம்பெனி சிறிய மொழிகளுக்காக இவ்வளவு பாடுபடுமா?

ஆனால் அவ்வேலை ஒருமுறையோடு முடிவதன்று. புதிய பதிப்பிலே புதிய கருவி வந்தால் புதிய சொல்லும் வேண்டும். செய்வாரில்லையேல் தமிழ்ப் பலகையில் அவ்விடத்தே ஆங்கிலமே நிற்கும். நிரல் எழுதத் தெரியாத வாலிபர்க்கும் இங்கே தொண்டு உண்டு. தமிழறிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நன்று. சொற்பட்டியல் சாதாரண எழுத்துக் கோப்புத்தான். வாசிகசாலைக் கணினியிலேயே அதைத் திறக்கலாம்.