மாமாவோட சோளக்காடும் ஹங்கேரி வேட்டைக்காரர்களும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தென்காசிப் பக்கம், வீரகேரளம்புதூர். காலையில வயலுக்குப் போனா மாமா வரப்புல உட்கார்ந்திருக்கார். மக்காச்சோளம் கதிர் பிடிச்ச நேரம். பாதி வயல் சாய்ஞ்சு கிடக்கு.

"என்ன மாமா, பன்னியா?"

"ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல மருமவனே. குடும்பத்தோடல்லா வந்திருக்கு."

மலை எங்க ஊருக்கு மேற்கே தூரத்துலதான் தெரியும். ஆனா பன்னி மலையில இருந்து வரணும்னு இல்லை. சீமைக்கருவேலம் புதர்லயே குடியிருக்கு. மாமா வயலைச் சுத்திப் பழைய சேலை கட்டியிருக்கார். ராத்திரி தகர டப்பா தட்டுறார். அன்னைக்கு நானும் காவலுக்குப் போனேன். ரெண்டு மணிக்கு எனக்குக் கண்ணு சொருகிடுச்சு. அவர் மூணு வாரமா தூங்கலை. நம்ம ஐ.டி. வேலையில ஆன்-கால் போட்டா, சில இடத்துல அலவன்ஸாவது உண்டு. அவருக்கு அதுவும் இல்லை. போன வருஷம் கொடுத்த நஷ்டஈட்டு மனுவுக்கே இன்னும் பதில் வரலை.

அந்த ராத்திரிதான் இந்த எபிசோடுக்குக் காரணம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு முதல்ல பார்த்திடலாம். 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவுல பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே கிடையாது. பயிரை அழிக்கிற காட்டுப்பன்றிக்கு மட்டும் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில ஒரு வழி திறந்தது. காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கி.மீ.க்குள்ள சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால வனத்துறை சுடலாம். விவசாயி துப்பாக்கி எடுக்க முடியாது. அனுமதியோட சுட்ட பன்றியும் அரசாங்கச் சொத்துதான். ஆக, பன்னி உயிரோட இருந்தாலும் செத்தாலும் அரசாங்கத்தோடது. அது தின்ன சோளம் மட்டும் மாமாவோடது.

இப்போ உலகத்தோட இன்னொரு மூலைக்குப் போவோம். சி.ஐ.சி.ன்னு ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு. 1930-ல பாரிஸ்ல தொடங்கினது, தலைமையகம் இப்போ ஹங்கேரியில. அவங்க வாதம் இதுதான்: அளவோட, கணக்கோட வேட்டையாடு, அந்தப் பணத்தைக் காட்டுக்கும் அங்கே வாழ்ற மக்களுக்கும் கொடு, அப்போ விலங்கு பிழைக்கும். கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சுட்டுக் காப்பாத்துறதா?

ஆனா இதை நம்ம ஊர்லயே 150 வருஷத்துக்கு முன்னாடி செஞ்சு பார்த்திருக்காங்க. 1877-ல நீலகிரியில வெள்ளைக்கார வேட்டைக்காரங்க ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. காரணம், சுட்டுச் சுட்டு வரையாடு குறைஞ்சு போச்சு. 1879-ல சட்டமே வந்தது. லைசன்ஸ், வேட்டை கூடாத மாசம்னு விதிகள் போட்டாங்க. வரையாடு அங்கே அழியாம தப்பிச்சதுல அந்த விதிகளுக்கும் பங்கு உண்டு. ஆனா லைசன்ஸ் எடுத்துச் சுட்ட துரை 'ஸ்போர்ட்ஸ்மேன்', வயித்துக்காகக் கண்ணி வச்ச உள்ளூர்க்காரன் 'திருடன்'. விலங்கைக் காப்பாத்தினாங்க, அது யாருக்காகன்னுதான் கேள்வி.

அதே சங்கத்துல பின்னாடி வந்தவர் குன்னூர் வக்கீல் இ.ஆர்.சி. டேவிதார். வேட்டையில தொடங்கி, வரையாட்டை எண்ணுற வேலைக்கு வந்தவர். 1975-ல அவர் செஞ்ச ஆய்வை நினைச்சுத்தான் அக்டோபர் 7 வரையாடு தினம். 2025 கணக்குப்படி தமிழ்நாட்டுல 1,303 வரையாடு இருக்கு.

சி.ஐ.சி. மாதிரி ஆட்கள் அடிக்கடி காட்டுற உதாரணமும் ஒரு மலை ஆடுதான். பாகிஸ்தான்ல மார்க்கோர், முறுக்குக் கொம்பு உள்ளது. வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற அளவு பெர்மிட். ஒண்ணு ஒரு லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போகுது. அதுல 80 சதவீதம் அந்த மலைக் கிராமங்களுக்கு. முன்னாடி ஆட்டைச் சுட்டவங்களே இப்போ காவல் காக்கிறாங்க. 2015-ல அழியும் நிலைப் பட்டியல்ல இருந்து அதை ரெண்டு படி இறக்கினாங்க.

உடனே 'நமக்கும் கொண்டு வாங்க'ன்னு நான் சொல்லலை. அதே 2015-லதான் ஜிம்பாப்வேயில சிசில்ங்கிற சிங்கத்தை ஒரு அமெரிக்கப் பல் டாக்டர் கொன்னு உலகமே கொதிச்சது. பணம் பெருசானா, கணக்கை யார் எழுதுறாங்கங்கிறதும் பெரிய கேள்வி. வரையாட்டையோ யானையையோ ஏலம் விடுற நாள் இங்கே வரவே வேண்டாம்.

நான் அவங்ககிட்ட இருந்து எடுத்துக்கிறது துப்பாக்கியை இல்லை, அந்தக் கேள்வியை. விலங்கோட பக்கத்துல வாழ்றவனுக்கு, அது உயிரோட இருக்கிறதால என்ன கிடைக்குது? மார்க்கோர் கிராமத்துக்கு ஒரு பதில் இருக்கு. மாமாவுக்கு இல்லை. நஷ்டஈடு அறுவடைக்குள்ள கைக்கு வந்தா, அதுவே ஒரு பதில். காவலுக்குக் கூலி, நல்ல வேலிக்கு உதவி, இதெல்லாமும் பதில்தான். எதுவும் இல்லைன்னா, ஒருநாள் யாராவது திருட்டுக் கரண்ட் வேலி போடுவாங்க. அதுல பன்னி மட்டும் சாகாது. யானை சாகும், மனுஷனும் சாவான்.

கிளம்பும்போது மாமாகிட்ட கேட்டேன், "சுட விட்டா சுடுவீங்களா?"

"எனக்கு எதுக்குல பன்னி? சோளம் வீடு வந்து சேர்ந்தா போதும்."

உங்க ஊர்லயும் இப்படி ராத்திரிக் காவல் காக்கிறவங்க இருந்தா, அவங்ககிட்ட பேசி வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடுறேன்.